ஃபிளைவீல் ஹவுசிங்கில் சொட்டும் ஆயில்: உங்கள் அனுபவம் என்ன?

மணலி, லாரி உரிமையாளர்:

எங்கள் வண்டி எண்ணூர் துறைமுகத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு கன்டெய்னர் ஏற்றுகிறது. வரிசையில் நிற்கும்போது ஃபிளைவீல் ஹவுசிங்கின் (இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடு) அடியில் ஆயில் சொட்டுவதை ஓட்டுநர் கவனித்துச் சொன்னார். ஒரு பட்டறையில் குனிந்து பார்த்த உடனேயே "கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும்" என்றார்கள். சீலின் விலை பெரிதல்ல. கியர் பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் அத்தனையும் கழற்றி மாட்டும் கூலியும் வண்டி நிற்கும் நாட்களின் வாடகையும்தான் கழுத்தை நெரிக்கும்.

நான் சம்மதிக்கவில்லை. மாதவரத்தில் எங்கள் வண்டிகளை நெடுங்காலமாகப் பார்க்கும் மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. "முதலில் கழுவிக்கொண்டு வா தம்பி. அழுக்கு இன்ஜினில் எங்கே பார்த்தாலும் லீக்தான் தெரியும்" என்றார். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், வயர் இணைப்புகளை பிளாஸ்டிக் உறையால் மூடி, டீசலும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, தண்ணீர் அடித்து, காற்றால் உலர்த்தினோம். பிறகு இன்ஜினின் பின்பக்கம் முழுவதும் முகப் பவுடரைத் தூவினார். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை லோடுடன் ஓட்டிவந்தோம்.

கேபினைத் தூக்கி டார்ச் அடித்ததும் வழித்தடம் தெளிவாகத் தெரிந்தது. இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பெட் கவரின் பின் மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு பிளாக்கின் பின்புறமாக இறங்கி ஹவுசிங்கின் மேல் வழிந்திருந்தது. ஆயில் கீழ்நோக்கி இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும். ஹவுசிங்கின் ஆய்வு மூடியைத் திறந்தும் பார்த்தோம். உள்ளே ஈரமே இல்லை; பின் சீல் கசிந்திருந்தால் அங்கே நனைந்திருக்கும்.

கவரைக் கழற்றியபோது அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கார்க் பேக்கிங் அப்பளம்போல் நொறுங்கியது. ஜி.பி. ரோட்டில் புதியது வாங்கி மாட்டினோம். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் துணியால் அடைத்தது, நடுவிலிருந்து இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக போல்ட்டுகளை இறுக்கியது என்று மேஸ்திரி காட்டிய பொறுமைதான் பாதி வேலை. பலம் கொண்டமட்டும் இறுக்கினால் கவர் வளைந்து மீண்டும் ஒழுகும். பேக்கிங் மேல் சிலிகான் அப்புவதையும் அவர் அனுமதிக்கவில்லை. உள்ளே பிதுங்கும் துணுக்கு சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விழுந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் இன்ஜினே போய்விடும். பின் சீல் இன்றும் பழையதுதான், ஒரு சொட்டு இல்லை.

மாதவரம், மெக்கானிக்:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பேக்கிங் மாற்றியும் ஒழுகினால், அல்லது ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் கசிந்தால், பிரீதரைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டி கிராங்க் அறைக்குள் இறங்கும் வாயு வெளியேற அதுதான் வழி. அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். என்னிடம் வந்த டிப்பர் ஒன்றில் முன் சீலை இரண்டு பட்டறைகளில் மாற்றியிருந்தார்கள். பிரீதர் குழாயில் கருஞ்சேறு கெட்டியாக அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் கசிவு நின்றது. பிரீதர் சுத்தமாக இருந்தும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? அப்போது பிஸ்டன் ரிங், அது உரசி ஓடும் சிலிண்டர் லைனர் ஆகியவற்றின் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே எந்த சீலும் உதவாது.

செங்குன்றம், ஓட்டுநர்:

சொட்டுவது எந்த ஆயில் என்பதையும் பாருங்கள். டீசல் இன்ஜின் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். கியர் ஆயிலில் மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி இருக்கும். அந்த நெடி வந்தால் தேட வேண்டியது கியர் பாக்ஸ் பக்கம். டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறினால் ஆயிலில் டீசல் கலக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். நீர்த்த ஆயில் எந்த இடுக்கிலும் கசியும், பேரிங்கையும் தின்றுவிடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயில் கசிவு இருந்தாலும் அப்படித்தான். பழுக்கச் சூடேறிய டர்போ மேல் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். லோடு தாமதமானாலும் பரவாயில்லை, ஓரங்கட்டி உரிமையாளருக்கு போன் செய்துவிடுங்கள்.