நகர நிர்வாகத்தில் ஆய்வு செய்ய எம்.பிளானா, சமூக அறிவியலா?

மதுரைக்காரி:
பி.இ. சிவில் முடித்துவிட்டு, ஒரு தனியார் நிறுவனத்தில் நகரங்களின் முழுமைத் திட்டங்களுக்கு (மாஸ்டர் பிளான்) ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபடம் தயாரிக்கிறேன். வரைபடத்தில் நீர்நிலை என்று நீல நிறம் போடுகிறோம். நேரில் போனால் அங்கே வீடுகள், மின் இணைப்போடு. இது எப்படி நடக்கிறது என்று முறையாக ஆராய வேண்டும், பிறகு கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது ஆசை. எம்.பிளான் (திட்டமிடலில் முதுகலை) படிப்பதா, நேராகச் சமூக அறிவியல் பக்கம் போவதா?

ஏரிக்கரை:
நான் திட்டமிடல் பாடம் நடத்துகிறேன். அந்த நீல நிறத்துக்கும் மின் இணைப்புக்கும் நடுவே எத்தனை அலுவலகங்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். சென்னையில் முழுமைத் திட்டம் சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில். குடிநீர், கழிவுநீர் தனி வாரியத்திடம். ஏரிகள் பல நீர்வளத் துறையிடம். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உள்ளாட்சிகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. முதலாவதே நகரத் திட்டமிடல். ஆனால் அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம். 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாமல் சென்னை ஓடியது.

இதை ஆராய மாமன்றத் தீர்மானம், அரசாணை, வரவுசெலவு அறிக்கை எல்லாம் பொறுமையாக வாசிக்கப் பழக வேண்டும். என் மாணவர்கள் பலர் சாட்டிலைட் படத்தோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம். எம்.பிளானை முதலில் முடியுங்கள்: அண்ணா பல்கலைக்கழகம், டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் எல்லாம் பாருங்கள். அப்புறம் முனைவர் பட்டத்துக்கு அடையாறு எம்.ஐ.டி.எஸ். போன்ற சமூக அறிவியல் ஆய்வு நிறுவனத்துக்குப் போகலாம்.

கணக்குப்பிள்ளை:
எம்.பிளானை விட்டுவிடாதீர்கள். நகராட்சி நிதி பற்றி அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினேன். ஒரு கல்லூரியின் திட்டமிடல் துறைக்கு விண்ணப்பித்தபோது, முதுகலைத் திட்டமிடல் பட்டம் இல்லை என்று நேர்காணலுக்கே கூப்பிடவில்லை.

மதுரைக்காரி:
இருவருக்கும் நன்றி. வேலையை விடாமல் இப்போதே ஏதாவது தொடங்க முடியுமா சார்?

ஏரிக்கரை:
தாராளமாக. ஒரே ஒரு ஏரி, அதைச் சுற்றியுள்ள வார்டு, அது போதும். எந்த ஆண்டு, எந்தப் பொருள் என்று குறிப்பிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகல் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். நகலுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்கலாம். மனுவிலேயே அதையும் எழுதிவிடுங்கள்.