பெட்ரூம் சுவர்ல ஈரம்: பெயிண்ட் அடிச்சா போதுமா, அட்வான்ஸ்ல பிடிக்கலாமா?

ரெண்டாம்மாடி கேட்டது:

வணக்கம். மேல் போர்ஷன்ல ரொம்ப வருஷமா குடியிருந்தவங்க இந்த மாசம் காலி பண்ணாங்க. நல்ல மனுஷங்க, வாடகை ஒரு தடவை கூட தள்ளிப்போனதில்ல. பீரோவை நகர்த்துனதும்தான் தெரிஞ்சுது, பாத்ரூமை ஒட்டின பெட்ரூம் சுவர்ல கீழேர்ந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி உப்பு பூத்து பெயிண்ட் செதில் செதிலா உரியுது. சுரண்டிட்டு பிரைமர் அடிச்சு புட்டி வெச்சு ரெண்டு கோட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்னு பெயிண்டர் சொல்றார். அடுத்து வர்றவங்க வேற சீக்கிரம் சாவி கேக்கறாங்க. பெயிண்ட் அடிச்சு விட்டா போதுமா? இந்த செலவை பழையவங்க அட்வான்ஸ்ல பிடிக்கறது நியாயமா? வீட்டுல அப்பா பிடிச்சுக்கலாம்ங்கறார், எனக்கு மனசு ஒப்பல.

பைப்லைன்:

பெயிண்டரை இப்போதைக்கு நிறுத்தி வைங்க சார். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம மேல என்ன பூசினாலும் உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழி தேடும், உப்பு மறுபடி பூக்கும், பூசின காசு அப்படியே உரிஞ்சு விழும்.

வீடு காலியா இருக்கறப்பதான் இதை கண்டுபிடிக்க முடியும், அதனால இப்ப விட்டுடாதீங்க. முதல்ல சுவர்ல ஈரம் எதுவரைக்கும் இருக்கோ அந்த ஓரத்துல பென்சிலால கோடு போட்டு தேதி எழுதுங்க. எல்லா குழாயையும் மூடிட்டு தண்ணி மீட்டரை குறிச்சுக்கோங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு பாருங்க, யாரும் தண்ணி தொடாமலே மீட்டர் நகர்ந்திருந்தா சப்ளை லைன்ல லீக். மீட்டர் இல்லைன்னாலும், மீட்டர் மாடி டேங்குக்கு முன்னாடி இருந்தாலும், டேங்க்ல தண்ணி மட்டத்தை குறிச்சு ராத்திரி விட்டுட்டு காலைல பாருங்க. ஃப்ளஷ் டேங்க் உள்ள ஒழுகுனாலும் மீட்டர் ஓடும், அதனால அந்த டேங்க்ல கொஞ்சம் கலர் கரைச்சு விடுங்க, ஃப்ளஷ் பண்ணாமலே கோப்பைல கலர் தெரிஞ்சா அது வாஷர் போனது, சுவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

மீட்டர் நகரலைன்னா டிரெய்னேஜ் பக்கம். பாத்ரூமை பத்து பதினஞ்சு நாள் உபயோகிக்காம காய விடுங்க, ஈரம் கோட்டை விட்டு கீழ இறங்குதான்னு பாருங்க. இறங்கினா, தரை நனையாம ஓஸை நேரா டிரெயின் ஓட்டைக்குள்ள விட்டு நிறைய தண்ணி ஊத்துங்க, அப்ப மறுபடி ஈரம் ஏறுனா பைப்போ, டிரெயினுக்கு அடில தண்ணி தேங்கி நாத்தத்தை தடுக்கற ட்ராப்போதான். ஏறலைன்னா டிரெயினை அடைச்சு தரைல ஒரு இஞ்ச் தண்ணி தேக்கி 24 மணி நேரம் விடுங்க, தண்ணி நல்லா குறைஞ்சு ஈரமும் வந்துச்சுன்னா டைல்ஸ் இடுக்குல நிரப்பற கிரவுட்டும், தரையும் சுவரும் சேர்ற மூலையும்தான் காரணம். தொண்ணூறு சதவீதம் இங்கதான்னு சிலர் பாக்காமலே டைல்ஸை உடைச்சுடுவாங்க, அதுக்கு இடம் குடுக்காதீங்க.

சாவிக்கொத்து:

அட்வான்ஸ் பத்தி நான் சொல்றேன். பிடிக்காதீங்க. சுவருக்குள்ள, தரைக்கு அடில நடக்கறது கட்டிடத்தோட விஷயம், அது ஓனர் பொறுப்பு. பெயிண்ட் மங்குறது, குழாய் வாஷர் தேயுறது, கதவு கைப்பிடி லூசாகறது எல்லாம் புழங்கற தேய்மானம். கண்ணாடி உடைஞ்சது, டைல்ஸ்ல துளை போட்டது, வாஷ்பேசின் கீறல் விட்டது, இதெல்லாம் சேதம், இதுக்கு மட்டும்தான் பிடிக்கணும், அதுவும் பில்லோட. உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

புதுசா வர்றவங்க விஷயத்துல இந்த சண்டையே வராம இருக்க, சாவி குடுக்கற அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ரூம் ரூமா நடந்து வீடியோ எடுங்க, அலமாரிக்குள்ள, சிங்க்குக்கு அடில, சுவர் மூலை எல்லாம். மின்சார மீட்டர், தண்ணி மீட்டர் ரீடிங், எத்தனை சாவி, எத்தனை ஃபேன் லைட்டுன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அப்படியே ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கற ஸ்விட்ச், அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கி ட்ரிப் ஆகுதான்னும் பாருங்க. ஆகலைன்னா எலக்ட்ரீஷியன் மாத்தாம யாரையும் குடி வைக்காதீங்க, உயிர் சமாச்சாரம்.

வாடகைவாசி:

குடியிருக்கறவன் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லட்டுமா. முன்னாடி இருந்த வீட்டுல சிங்க்குக்கு அடில சொட்டுதுன்னு சொன்னேன், பாக்கலாம்னாங்க, மறுபடி சொன்னேன், நீங்க வந்ததுக்கு அப்புறம்தான் இதெல்லாம்னு ஒரு பேச்சு வந்துச்சு, அதுக்கப்புறம் பக்கெட்டை வெச்சுட்டு வாயை மூடிக்கிட்டேன். அந்த அலமாரி பலகை முழுக்க ஊறி உப்பிடுச்சு. இப்ப இருக்கற ஓனரம்மா சொன்ன மறுநாளே ஆள் அனுப்பிடுவாங்க, அனுப்ப முடியலைன்னா எப்ப வருவாங்கன்னாவது மெசேஜ் போடுவாங்க. அதனாலயே சின்ன ஈரத்தை பாத்தாலும் நான் போட்டோ எடுத்து அனுப்பிடறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை முன்கூட்டியே கேட்டுட்டு வந்து பாத்ரூம், சிங்க், மாடி தண்ணி போற வழி மட்டும் பாத்துட்டு போயிடுவாங்க. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற ஓனருக்கு யாரும் மனசார எதையும் காட்ட மாட்டாங்க.

ரெண்டாம்மாடி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அட்வான்ஸ் முழுசா திருப்பி குடுத்தாச்சு, அப்பாவும் சரின்னுட்டார். மீட்டர் நகரவே இல்ல. காய விட்டதுல ஈரம் கோட்டுக்கு கீழ இறங்குச்சு, ஓஸ் விட்டப்ப ஏறல, தண்ணி தேக்குனப்பதான் மறுபடி வந்துச்சு. அப்ப கிரவுட் மட்டும் போட்டா போதுமா பைப்லைன் சார்?

பைப்லைன்:

பழைய கிரவுட்டை சுரண்டி எடுத்துட்டு எபாக்ஸி கிரவுட் போட்டு, மூலை ஜாயிண்டுக்கு சிலிக்கான் சீலன்ட் விட்டு, நல்லா காஞ்சதும் மறுபடி தண்ணி தேக்கி பாருங்க. ஈரம் வரலைன்னா டைல்ஸை தொட வேண்டாம். வந்துச்சுன்னா டைல்ஸ் எடுத்து வாட்டர்ப்ரூஃபிங் பண்றதுதான் வழி, அரைகுறையா விட்டுட்டு ஆளை குடி வெச்சுட்டா அப்புறம் பாத்ரூமை மூட முடியாது. பெட்ரூம் பக்கம் உதிர்ற பூச்சை செங்கல் வரைக்கும் தட்டி எடுத்து, உப்பை காஞ்ச பிரஷ்ஷால தேச்சு எடுங்க, தண்ணி விட்டு கழுவாதீங்க, உப்பு திரும்ப உள்ள போயிடும். புதுப் பூச்சுக்கு மேல பெயிண்ட் அடிக்க குறைஞ்சது நாலு வாரம் விடணும். புதுசா வர்றவங்க அவசரப்பட்டா அந்த ஒரு சுவரை மட்டும் அப்புறம் அடிச்சு தர்றேன்னு பேசி அக்ரிமெண்ட்லயே எழுதிடுங்க.