மாறியது போத்தலா, நோயா?

உவர்மலையாள்:
அப்பாவுக்கு 71 வயது. வள்ளம் கட்டும் ஓடாவி. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நுரையீரலில் கட்டி என்றார்கள். அறிக்கையில் 'அடினோகார்சினோமா, ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரம் உண்டு' என்று இருந்தது. சுரப்பி வகைப் புற்றுநோயாம், கலத்தைப் பெருகச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற பரம்பரையலகு அதில் கெட்டிருக்கிறதாம். நாளுக்கு ஒரு குளிசை. 19 மாதம் கட்டி அடங்கிக் கிடந்தது. விடியற்காலையில் டச்பே கடற்கரையில் எனக்கு முன்னால் நடப்பார். இப்போது அதே இடத்தில் மறுபடி வளர்கிறது. ஊசியால் இழையம் எடுத்துப் பார்த்துவிட்டு, 'சிறுகலப் புற்றுநோய்' என்று வேறொரு வகையை எழுதியிருக்கிறார்கள். "மாறியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வைத்தியர் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். மாறியது இழையம் போட்டு வைத்த போத்தலா, நோயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை வியத்தமடைந்த, அதாவது இன்ன வகை என்று ஆகிவிட்ட, கலம் இன்னொன்றாகாது என்றல்லவா உயர்தரத்தில் படித்தோம்?

நிலாவெளியான்:
கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணற்றிலும் குளிக்க வையுங்கள், அக்கா. எங்கள் பெரியப்பாவுக்கு முழங்கால் நோவே போய்விட்டது.

சாம்பல்தீவு மாஸ்டர்:
தம்பி, முழங்காலோடு நிறுத்துங்கள்.

மகள், நானும் 30 வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். பாதி பிழை. தோற்கலத்திலும் ஈரற்கலத்திலும் இருப்பவை அதே பரம்பரையலகுகள்தான். எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 1987இல் வைன்ட்ரோப் குழுவினர் மயோ-டி என்ற ஒரு பரம்பரையலகை மட்டும் செலுத்தி எலியின் நார்க்கலத்தைத் தசைக்கலமாக்கினார்கள். 2006இல் யமனாகா நான்கைச் செலுத்தி அதே வகைக் கலத்தை எந்த வகையாகவும் ஆகக்கூடிய முளையக் கலம் போலவே ஆக்கினார். 2012இல் நோபல் பரிசு. செலுத்திய அந்த நான்கில் ஒன்று சி-மிக், பெயர்போன புற்றுநோய்ப் பரம்பரையலகு. அக்கலங்களைக் கொண்டு பிறப்பித்த எலிகள் சிலவற்றில் அது மறுபடி விழித்துக் கட்டியை உண்டாக்கியது. பி-53 என்ற தடையைத் தளர்த்தினால் கலம் மாறுவது இன்னும் இலகு. புற்றுநோயில் முதலில் கெட்டுப்போகிற தடைகளில் அதுவும் ஒன்று.

ஆய்வுகூடக்காரி:
நான் நோயியல் பிரிவில் வேலை செய்கிறேன். அந்தக் குளிசை ஈ.ஜி.எஃப்.ஆரை அடைக்கிறது, அதை நம்பி வாழும் கலங்கள் சாகின்றன. பி-53, ஆர்.பி. என்ற இன்னொரு தடை, இரண்டையும் இழந்த சில கலங்களோ சிறுகலப் புற்றுநோய் சேர்ந்த நரம்புச்சுரப்பு வகைக்கு மாறி, குளிசையைச் சட்டை செய்யாமல் பெருகும். மருந்துக்குப் பணியாமல் போனவர்களில் 3 முதல் 14 வீதத்தினரிடம் இப்படிக் காண்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் முன்பு சுரப்பி போல வளைந்து நின்றவை, பிறகு நெருக்கியடித்த நீலக் கருக்களாகத் தெரியும். கருவைச் சுற்றியுள்ள குழியவுருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

போத்தல் மாறுவதும் நடக்காத காரியமல்ல. ஆகவே புதிய இழையத்திலும் ஈ.ஜி.எஃப்.ஆரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டி உருமாறினாலும் பழைய விகாரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

உவர்மலையாள்:
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். முடிவு வந்தது: அதே விகாரம். போத்தல் மாறவில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பழைய பலகையில் புது வள்ளம் கட்டினால் ஆணித்துளை கிடக்கும்தானே" என்றார். திங்கட்கிழமை கார்போபிளாட்டின், எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்துகளைத் தொடங்குகிறார்கள்.

கன்னியாவுக்கும் போய் வந்தோம், அவருக்குத்தான் ஆசை. ஒரு கிணற்றில் சூடு காணாது என்று வீடு வரும்வரை குறை சொன்னார்.