ஆராதனையில் பாட வேண்டியவர்கள் யார்?

கேள்வி: கல்லடியிலிருந்து ஒரு தாய்

எங்கள் சபையில் சில ஆண்டுகளாக ஞாயிறு ஆராதனைப் பாடல்களை மேடையில் நிற்கும் இளைஞர் குழுவே ஒலிவாங்கிகளோடு பாடிவருகிறது. பாடுகிறவர்கள் பக்தியுள்ள பிள்ளைகள். ஆனால் வாரந்தோறும் புதுப்பாடல் வருவதாலும், சுருதி முதியவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதாலும், சபையாரில் பெரும்பாலானோர் திரையைப் பார்த்தபடி வாய்மூடி நிற்கிறார்கள். வீட்டிலும் மாலை ஜெபவேளையில் என் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டுக் கண்மூடி இருக்கிறார்கள். "கேட்பதும் ஆராதனைதானே, அம்மா?" என்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன விடை சொல்வது?

பதில்: கல்முனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அன்புள்ள சகோதரி, கொலோசெயர் நிருபம் 3:16 பாட்டினால் "ஒருவருக்கொருவர்" போதிக்கும்படி சொல்கிறது. அந்தப் பொறுப்பைப் பவுல் ஒரு குழுவுக்கு மட்டும் ஒதுக்கவில்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த மெதடிஸ்த மரபின் தந்தையான ஜோன் வெஸ்லி, 1761இல் பாடுவோருக்கென எழுதிய நெறிமுறைகளில், எல்லோரும் பாட வேண்டும் என்றும், சபையின் குரலுக்கு மேலாகத் தன் குரல் கேட்கும்படி ஒருவரும் கத்தலாகாது என்றும் வலியுறுத்தினார். ஒலிவாங்கி பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது அறிவுரையை அன்போடு எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த கீர்த்தனை மரபையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி திரும்பி வருவதால், எழுத்தறியாத பாட்டிகூட இரண்டாம் சரணம் முடிவதற்குள் அதைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வாரமும் அதே கீர்த்தனையைப் பாடினால் சரணமும் அவருடையதாகிவிடும். வாரந்தோறும் பாடலை மாற்றினால் இந்தப் பலன் கிடைக்காது.

பதில்: புளியந்தீவு, கத்தோலிக்கப் பாடற்குழு உறுப்பினர்

ஆசிரியர் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் கேட்பதில் பக்தியே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஏடு மக்களின் பாடலை வளர்க்கச் சொல்கிறது. அதைத் தொடர்ந்து 1967இல் வெளிவந்த இசை பற்றிய அறிவுறுத்தல், சில பகுதிகளைப் பாடற்குழு தனித்துப் பாடுவதை ஏற்றுக்கொள்கிறது. அதேவேளையில் எல்லாவற்றையும் குழுவிடமே ஒப்படைத்து மக்களை முற்றாக விலக்குவது தகாது என்றும் சொல்லிவிடுகிறது. திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்திலும் எங்கள் முன்னோர் தவக்கால மாலைகளில் ஆண்டவருடைய பாடுகளைத் தமிழில் புலம்பிப் பாடினார்கள். மறையுரைகளில் கற்றதைவிட அந்தப் புலம்பல்களில் அவர்கள் கற்றதே அதிகம் என்பது என் துணிபு.

பதில்: திருக்கோவில், ஒரு தாதி

சகோதரி, உங்கள் வீட்டு ஜெபத்தைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீடுகளுக்குள் புகுந்தபோது வேதாகமங்களும் பாட்டுப் புத்தகங்களும் போய்விட்டன. முகாமில் இரவு ஜெபத்துக்குக் கூடியவர்களிடம் மனத்தில் இருந்த பாடல்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. நோயாளிகளிடமும் இதையே காண்கிறேன்: பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட மூதாட்டி ஒருவர், நான் ஒரு பழைய பாமாலையைத் தொடங்கியவுடன் கடைசி அடிவரை என்னோடு சேர்ந்து பாடினார். பிறர் பாடக் கேட்டு மட்டும் வளர்ந்திருந்தால் அந்த அடிகள் அவருடைய நாவில் தங்கியிருக்குமா? பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பாடிய பவுலும் சீலாவும் அதை எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியிருப்பார்கள்? ஆகவே கைத்தொலைபேசியில் ஒருமுறை கேட்கட்டும். பிறகு அதை அணைத்துவிட்டு, அதே பாடலை மாதம் முழுவதும் பிள்ளைகளே பாடட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வீட்டில் இன்றே தொடங்குகிறேன். சபையில் இளைஞர்களின் மனம் நோகாமல் இதை எப்படி முன்வைப்பது?

பதில்: கல்முனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

போதகர் ஐயாவிடம் முதலில் பேசுங்கள். ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் புதுப்பாடலைச் சபைக்குக் கற்பிக்கும் பணியை அந்த இளைஞர்களிடமே ஒப்படைக்கும்படியும், சுருதியைச் சற்றே இறக்கும்படியும் கேளுங்கள். கடைசிச் சரணத்தை வாத்தியங்களை நிறுத்திவிட்டுச் சபை மட்டும் பாடட்டும்.