துவக்குப் பதிவுச் சட்டம்: கனடாவில் நீங்கள் நேரில் சந்தித்தவை

பீற்றர்பரோவாசி எழுதியது:

துவக்குப் பதிவு (எந்தத் துப்பாக்கி ஆரிட்டை இருக்கு என்று அரசு எழுதி வைக்கிறது) பற்றி எங்கட ஆக்கள் கதைக்கத் தொடங்கினால் கட்சியில்தான் போய் நிற்கும். லிபரல் என்றால் பதிவு வேணும், கொன்சர்வேற்றிவ் என்றால் வேண்டாம், கதை முடிஞ்சுது. அதை ஒருக்கால் தள்ளி வைப்பம். ஆரோடு கதைத்தீர்கள், கண்ணால் என்ன கண்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கோ. நான் தொடங்கிறன்.

ஸ்கார்பரோவை விட்டு வேலைக்காக பீற்றர்பரோவுக்கு வடக்கே வந்தனான். வீடுகளுக்கு ஹீற்றர் பூட்டுகிற, திருத்துகிற வேலை. என்னோடு வேலை செய்கிறவர் அறுபது தாண்டிய வெள்ளைக்காரர், சின்ன வயதிலிருந்தே மான் வேட்டைக்குப் போகிறவர். ஒருநாள் பேஸ்மென்றில் இருக்கிற இரும்பு அலுமாரியைத் திறந்து காட்டினார். நீளத் துவக்குகள், ஒவ்வொன்றின் விசையிலும் பூட்டு. தோட்டாக்கள் வேறு பெட்டியில், அதுக்கு வேறு திறப்பு. ஒன்று தகப்பன் விட்டுப்போன துவக்கு. மரப்பிடியில் கன்னம் வைக்கிற இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. பக்கத்தில் ஒரு உறைக்குள் பழைய பதிவுச் சான்றிதழ்கள். 2012இல் நீளத் துவக்குப் பதிவை எடுத்துவிட்டார்கள், கியூபெக் தவிர்ந்த தரவுகளை ஒட்டாவா (மத்திய அரசு) அழித்தும் விட்டது. இவர் மட்டும் எறியேல்லை.

"லைசென்ஸை நான் எதிர்க்கேல்லை" என்றார். "வகுப்புக்குப் போ, சோதனை எழுது, பொலிஸ் உன்ர பின்னணியைப் பார்க்கட்டும். எல்லாம் சரி. ஆனால் என்ர அப்பாவின்ர துவக்கின்ர இலக்கம் ஒட்டாவாவுக்கு என்னத்துக்கு?"

இந்த வித்தியாசம் எங்களில் கனபேருக்குத் தெரியாது. லைசென்ஸ் ஆளுக்கு, பதிவு துவக்குக்கு. கைத்துப்பாக்கிக்கு 1934இலிருந்தே பதிவு இருக்கு, அது இன்றைக்கும் மாறேல்லை. சண்டை முழுக்க நீளத் துவக்குக்குத்தான். 1995இல் சட்டம் வந்தது. 2003 ஜனவரி 1க்குள் எல்லாரும் பதிய வேணும் என்றார்கள். வருமானம் போக அரசுக்கு 20 லட்சம் டொலர்தான் செலவு என்று சொல்லித் தொடங்கிய திட்டம். 2002 டிசம்பரில் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா ஃபிரேசர், செலவு 100 கோடி டொலரைத் தாண்டப் போகிறது என்று அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டைச் சொல்லும்போது இவருக்கு இன்னும் முகம் சிவக்கும்.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குள் இறங்கியது. "பட்டியல் எடுத்தவன் ஒருநாள் வாசலுக்கு வருவான்."

இதைக் கேட்டு ஒரு தமிழன் சிரிக்கேலாது. 1983 ஜூலையில் கொழும்பில் காடையர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகத் தமிழரைத் தேடினவை. எங்கட சித்தப்பா வீடும் அப்படித்தான் எரிந்தது. அதை அவருக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பிறகும் நீ பட்டியலை ஆதரிக்கிறாயா?" என்றார்.

ஆதரிக்கிறன். மனுசரைப் பட்டியல் போடுகிறது வேறு, ஆயுதத்தைப் பட்டியல் போடுகிறது வேறு. நான் வளர்ந்த ஊரில் துவக்கு இருந்தது, கணக்கு இருக்கேல்லை. ஆரிட்டை இருக்கு, ஆர் கொடுத்தது, நேற்றுச் சுட்டது எந்தத் துவக்கு என்று கேட்க ஒரு இடமும் இல்லை. கேட்டவைக்கு என்ன நடந்தது என்றும் தெரியும். ஒரு துவக்குக்கு உரியவர் ஆர் என்று எழுதி வைக்கிற நாட்டுக்கு வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதை அப்படியே அவருக்குச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளேல்லை. ஆனால் அதுக்குப் பிறகு இந்தக் கதையில் என்னை "ரொறன்ரோக்காரன்" என்று தள்ளி வைக்கிறதை விட்டுவிட்டார்.

தண்டர் பே செவிலியர் எழுதியது:

நான் மதுரைப் பக்கம். இங்கே வடக்கு ஒன்டாரியோவுக்கு வந்து பல வருஷம் ஆச்சு. உங்க நண்பர் சொன்னதை இங்கே ஊரே சொல்லும். கட்சியை வச்சுப் பார்த்தா கணக்கு சரியா வராதுங்கறதுக்கு எங்க ஊரே சாட்சி. பதிவை ரத்து செய்ற மசோதா 2012 பிப்ரவரியில 159க்கு 130னு கீழவையில நிறைவேறினப்ப, எங்க பகுதியோட ரெண்டு என்டிபி (நியூ டெமாக்ரடிக் கட்சி) எம்பிக்களும், புரூஸ் ஹையரும் ஜான் ராஃபர்ட்டியும், சொந்தக் கட்சியை மீறி கன்சர்வேடிவ்களோட சேர்ந்து ஓட்டுப் போட்டாங்க. இந்த நிலைப்பாட்டுக்காகக் கட்சி தண்டிச்சது. ஹையர் கட்சியையே விட்டுட்டார். தொகுதியில அவங்களை யாரும் துரோகின்னு சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சந்திச்சது ஒரு அனிஷினாபே பூர்வகுடிப் பாட்டி. சாலை முடியற இடத்துக்கும் அப்பால இருக்கற ஊர். போலீஸைக் கூப்பிட்டா வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்னு யாராலும் சொல்ல முடியாது. குளிர்காலத்துக்கு மூஸ் (பெரிய மான்) கறி இல்லேன்னா, பால் விலையும் காய்கறி விலையும் ஏறிக் கிடக்கற அந்த ஊர்ல என்ன சாப்பிடறது? புருஷன் போனபிறகு அவரோட துப்பாக்கி இவங்ககிட்ட வந்தது. பதிவுப் படிவம் தயாரிப்பாளர் பேர் கேட்டுது, மாடல் கேட்டுது, தொடர் எண் கேட்டுது. ரொம்பப் பழைய துப்பாக்கி, எண்ணே கிடையாது. அதுக்கு அரசாங்கம் ஒரு எண் கொடுத்து ஸ்டிக்கர் அனுப்பினாங்க. ஒட்டினாங்க. வெளியே குளிர், உள்ளே விறகடுப்புச் சூடு, கொஞ்ச நாள்ல உரிஞ்சு விழுந்துடுச்சு. "அது விழுந்ததால நான் குற்றவாளியா?"ன்னு கேட்டாங்க. வேட்டையாடற உரிமை அரசோட போட்ட ஒப்பந்தத்துல எழுதியிருக்கு, அதை யார்கிட்டயும் போய்ப் பதியணும்னு அவங்க பாட்டன் ஒத்துக்கலைங்கறது அவங்க வாதம். அந்த ஸ்டிக்கரை அவங்க தூக்கிப் போடவும் இல்லை, ஒரு டப்பாவுல வச்சிருந்தாங்க.

ஆனா மறுபக்கமும் எனக்குத் தெரியும். மனசு உடைஞ்சு வர்ற ஆம்பளைங்ககிட்ட நான் முதல்ல கேக்கற கேள்வி, வீட்டுல துப்பாக்கி இருக்கான்னு. இங்கே துப்பாக்கியால சாகறவங்கள்ல பெரும்பாலானவங்க தன்னைத்தானே சுட்டுக்கறவங்கதான். குடும்பத்தோட பேசி, மச்சான் வீட்டுல கொண்டு போய் வைங்கன்னு கெஞ்சி அனுப்புவோம். ரெண்டு எடுத்துட்டுப் போவாங்க, மூணாவது இருக்கறது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பதிவு இருந்தா மட்டும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, நான் போலீஸ் இல்லை. ஆனா யாருக்காவது தெரிஞ்சிருக்கும்.

மொன்றியல் பெரியவர் எழுதியது:

தங்கச்சி எழுதினதை வாசித்தேன். நான் வேறு இடத்திலிருந்து பார்க்கிறவன். 1989 டிசம்பர் 6 நான் மொன்றியலில் கோட் டி நேஜ்ஜில் இருந்தேன். எக்கோல் பொலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரி எங்கட வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அகதி வழக்கு முடியாத காலம். பின்னேரம் சைரன் சத்தம் ஓயாமல் கேட்டது, எங்களுக்குப் பிரெஞ்சு விளங்காது. அறையில் இருந்த நாலு பேரும் லைற்றை நிப்பாட்டிப்போட்டு ஜன்னலுக்குக் கீழே இருந்தோம். ஊர்ப் பழக்கம். அடுத்த நாள்தான் தெரியும், பெண்பிள்ளைகள் என்ற ஒரே காரணத்துக்காக 14 பேரைச் சுட்டுக் கொன்றவன் என்று. கூடுதலானோர் பொறியியல் படிக்க வந்த பிள்ளைகள். அவன் கையில் இருந்தது மினி-14 துவக்கு, சட்டப்படி வாங்கினது.

1995 சட்டம் வானத்திலிருந்து விழேல்லை. தப்பின பிள்ளைகளும் செத்த பிள்ளைகளின் தாய் தகப்பனும் தெருவில் நின்று கேட்டுத்தான் வந்தது. அதனால்தான் ஒட்டாவா அழித்தபோது கியூபெக் தன் தரவைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 மார்ச்சில் 5க்கு 4 என்று தோற்றது. ஒரு நீதிபதியின் வித்தியாசம். பிறகு மாகாணமே தனக்கென்று ஒரு பதிவைத் தொடங்கி, 2018 ஜனவரியிலிருந்து நடத்துது. கட்டணம் இல்லை. அபிட்டிபி, சகனே பக்கத்து வேட்டைக்காரர் கனபேர் காலக்கெடு முடிந்தும் பதியேல்லை. ஒரே மாகாணத்துக்குள்ளும் நகரத்துக்கும் காட்டுக்கும் இடையில் அதே கோடு.

2022 டிசம்பர் ஆரம்பத்தில், பொலிடெக்னிக் நினைவு நாளான 6ஆம் திகதிக்கு ஒருசில நாள் முதல், மொன்றியல் கனேடியன்ஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளர் கேரி பிரைஸ் வேட்டைத் துவக்கோடு படம் போட்டு, துவக்குச் சட்டத்துக்கு அரசு கொண்டுவந்த புதுத் திருத்தத்தை எதிர்த்தார். அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பூர்வகுடி ஊரில் வளர்ந்தவர். அவரைத் தெய்வமாகக் கும்பிடுகிற என்ர மகன் இரவுச் சாப்பாட்டில் வாய் திறக்கேல்லை. மகள் பொறியியல் படிக்கிறவள், அவள்தான் கதைத்தாள். "அவருக்குத் துவக்கு சாப்பாடு, எனக்கு அது அந்த வகுப்பறை" என்றாள். என்னால் இரண்டில் ஒன்றையும் மறுக்க முடியேல்லை. ஆனால் நான் மகளின் பக்கம். மகனுக்கும் அது தெரியும்.

மொழிபெயர்ப்பாளர், ரொறன்ரோ:

சுருக்கமாக. வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வருகிற தமிழ்ப் பெண்களுக்கு உரைபெயர்க்கிற வேலை எனக்கு. அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். லைசென்ஸ் விண்ணப்பத்தில் மனைவியின் கையொப்பத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் பிரிந்த துணையையும் எழுத வேண்டும். கையொப்பம் இல்லையென்றால் அதிகாரிகள் அவரைத் தொடர்பு கொள்வார்கள். ஒரு அக்காவுக்கு அந்தத் தாளை நீட்டி, "வங்கி விசயம், கையெழுத்துப் போடு" என்றிருக்கிறார் கணவர். அவர் போட்டுவிட்டார். பின்னர் பொலிஸ் வந்தபோது கணவருக்கு லைசென்ஸ் இருப்பது திரையில் தெரிந்தது. வீட்டில் எத்தனை நீளத் துவக்கு என்பது தெரியவில்லை, 2012க்குப் பிறகு அது தெரியாது. அக்காவிடம் கேட்டார்கள். "ஒண்டோ ரெண்டோ, நான் எண்ணேல்லை" என்றார். அந்தப் பதிலை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். பதிவேட்டில் இருந்திருக்க வேண்டிய விடையை, அடிபட்டு வந்த ஒரு பெண்ணிடம் கேட்டது இன்றைக்கும் எனக்குக் கோபம் தருகிறது.

கல்கரித் தம்பி எழுதியது:

எல்லாரும் பதிவின் பக்கம் நிற்கிறீர்கள், நான் மற்றப் பக்கம். நான் இலக்குச் சுடுகிறவன், மிருகத்தைச் சுடுகிறதில்லை. ஏஆர்-15 ரைபிள் வைத்திருந்தேன். அது கட்டுப்படுத்தப்பட்ட வகை என்றபடியால் முதல் நாளிலிருந்தே பதிவு. ஒரு விதியும் மீறேல்லை. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேரைக் கொன்றவனுக்கு லைசென்ஸே இல்லை, துவக்குகளில் கூடுதலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. மே 1ஆம் திகதி அரசு சுமார் 1,500 வகைகளைத் தடை செய்தது. உங்கட பதிவு இனிச் செல்லாது என்று எனக்குக் கடிதம் வந்தது. அதே நாளில் மினி-14உம் தடை. ஆனால் அது பதிவில்லாத வகையாக இருந்ததால், ஆர் வைத்திருக்கினம் என்று அரசிடம் பட்டியல் இல்லை, அவைக்குக் கடிதமும் இல்லை. ஒழுங்காகப் பதிந்தவனைத்தான் முதல் தட்டினார்கள். 2022 ஒக்ரோபரில் கைத்துப்பாக்கி வாங்குகிறது, விற்கிறது, கைமாற்றுகிறது எல்லாத்தையும் உறைய வைத்ததும் இதே மாதிரித்தான்.

பீற்றர்பரோ அண்ணை, பட்டியல் மனுசரைப் பற்றியது இல்லை என்கிறீர்கள். கடிதம் வந்தது என்ர பேருக்கு.

பீற்றர்பரோவாசி:

தம்பி, உங்கட வாதத்துக்குப் பாரம் இருக்கு. என்னோடு வேலை செய்கிறவரும் இதைத்தான் சொல்லுவார். 2022 மேயிலிருந்து நீளத் துவக்கு விற்கிறவர் வாங்குகிறவரின் லைசென்ஸைச் சரிபார்த்து, ஒரு குறிப்பு எண் எடுக்க வேணும். மருமகனுக்கு ஒன்றை விற்கும்போது, இது பின்வாசலால் வருகிற பதிவு என்று கத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன், எண் நிமிசக்கணக்கில் கிடைத்தது.

ஆனால் ஒன்று. உங்களுக்குக் கடிதம் வந்தது, மினி-14காரருக்கு வரேல்லை. இது பதிவின் குற்றமா, பதிவு பாதியில் நிற்பதன் குற்றமா? பொலிடெக்னிக்கில் பாவித்த அதே வகைத் துவக்குகள் இன்றைக்கு எந்த வீடுகளில் இருக்கு என்று அரசுக்குத் தெரியாது. 2012இல் அழிக்கும்வரை தெரியும்.

2005இல் அல்பேர்ட்டா மேயர்தோர்ப்பில் நாலு பொலிஸ்காரர் சுடப்பட்டதை இரண்டு பக்கமும் இழுப்பினம். பதிவு இருந்தும் அவர்களைக் காக்கேல்லை என்று நீங்கள் சொல்லலாம், உண்மை. உடந்தையாக இருந்த இரண்டு பேரைப் பிடிக்க அங்கே கிடந்த ஒரு பதிவு செய்த துவக்கு உதவியதும் உண்மை. செத்தவர்களுக்கு அது பிந்தித்தான். ஆனால் விசாரணைக்கு ஒரு நூல் கிடைத்தது. எங்கட ஊரில் அந்த நூல் ஒருக்காலும் கிடைக்கேல்லை, தம்பி. அதனால்தான் இதில் என்னால் இறங்கி வர முடியேல்லை.

கல்கரித் தம்பி:

விளங்குது அண்ணை. என்ர அப்பாவையும் ஊரில் ஆரோ சுட்டவை, ஆர் என்று இன்றைக்கும் தெரியாது. அம்மா நான் ரேஞ்சுக்குப் போகிற நாளில் கதைக்க மாட்டா.

பதிவுக்கு நான் முழு எதிரி இல்லை. பதிந்த துவக்கை, பதிந்தவன் ஒரு குற்றமும் செய்யாமல் இருக்கையில், அமைச்சரவை உத்தரவால் ஒரே இரவில் தடை செய்யக் கூடாது, பாராளுமன்றத்தில் விவாதித்து வாக்கெடுத்துத்தான் செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதட்டும். எழுதினால் வேட்டைத் துவக்கையும் சேர்த்துப் பதிய நானே என்ர கிளப்பில் நின்று கதைப்பேன். மொன்றியல் ஐயா, கியூபெக் சட்டத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கோ? வாசித்துச் சொல்லுங்கோ, பிரெஞ்சு எனக்கு ஓடாது.