கால்கரியில் முதல் பனி: நாயோடு மலைக்குப் போகும் முன்

கேள்வி: கால்கரிக்கு வந்து அஞ்சு மாசம் ஆகுது. வீட்டில் ரெண்டு வயசு கோல்டன் ரெட்ரீவர். நவம்பர் கடைசியில் கனனாஸ்கிஸ் மலைப் பகுதிப் பக்கம் பனியில் நடக்கக் கூட்டிப் போகலாமா? எதையெல்லாம் கவனிக்கணும்?

பதில்: தாராளமா போகலாம். ஆனா நவம்பர் பனியை ஜனவரி பனி மாதிரி நினைச்சுடாதீங்க. ஜனவரியில் கல், வேர் எல்லாத்தையும் மூடி பனி இறுகிக் கிடக்கும். நவம்பர்ல மேலே ஒரு சாண் பனி, அடியில் கூர்க்கல்லும் முறிஞ்ச கிளையும் உறையாத ஓடையும் அப்படியே இருக்கும். நாய் பாய்ஞ்சு ஓடும்போது நகம் பெயரும், பாதம் கிழியும். மாகாணப் பூங்காக்களில் 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடிச்சுத்தான் நடக்கணும்னு விதியே இருக்கு. இந்தப் பருவத்தில் அந்த விதி நாய்க்கே நல்லது.

உங்க நாய்க்கு முதல் தொல்லை விரலிடுக்கில்தான். குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற நாளில் பனி ஈரமா இருக்கும். பாதச் சூட்டில் அது உருகி, விரலிடுக்கு முடியில் திரும்ப உறைஞ்சு, நெல்லிக்காய் அளவுக்கு உருண்டுவிடும். நாய் நொண்டும், உட்கார்ந்து பாதத்தைக் கடிக்கும். பிடிச்சு இழுக்காதீங்க, முடியோடு தோலும் வரும். கையுறையைக் கழட்டி, உள்ளங்கைச் சூட்டில் வச்சு நசுக்கி உதிர்த்து எடுங்க. இதைத் தடுக்கணும்னா கிளம்புறதுக்கு முந்தின நாளே, முனை மழுங்கின கத்திரியால் விரலிடுக்கு முடியைப் பாத மட்டத்துக்கு வெட்டி விடுங்க. காலையில் பாத மெழுகை இடுக்கில் மெல்லிசா தேய்ங்க.

மெழுகு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதுக்கு மேலே நடந்தா பூட்டி, அதாவது நாய்க் காலில் மாட்டுற ஷூ, வேணும். ஒரு வாரம் முன்னாடியே வீட்டில் தினம் பத்து நிமிஷம் போட்டுப் பழக்குங்க. பூட்டியைக் கட்டுற பட்டைக்குள்ளே ஒரு விரல் நுழையணும். கழண்டுடுமோன்னு இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் குறைஞ்சு பாதம் விறைச்சுப் போகும். பூட்டி போட்டும் கால் சில்லுனு இருக்குன்னா பெரும்பாலும் காரணம் இதுதான். அரை மணிக்கு ஒருமுறை கழட்டிப் பாருங்க. கூடுதலா ரெண்டு பூட்டி பையில் இருக்கட்டும், ஒண்ணாவது பனியில் தொலையும்.

அடுத்தது ஏரி, இதில்தான் எனக்குப் பயம். உறைஞ்ச ஏரியைப் பார்த்தா நாய் நேரா உள்ளே ஓடும். ஒரு ஆள் நடக்கவே 15 செ.மீ. பனிக்கட்டி வேணும்னு கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லுது. நவம்பரில் அந்தக் கனத்தை நம்பவே முடியாது. ஸ்ப்ரே லேக்ஸ், பாரியர் லேக், மேல் கீழ் கனனாஸ்கிஸ் ஏரிகள் நாலும் மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள். தண்ணீரைத் திறந்து விட்டா மட்டம் இறங்கும், மேலே இருக்கிற கட்டிக்குப் பிடிமானம் போயிடும். பார்க்க உறுதியாத்தான் தெரியும். நாய் உள்ளே விழுந்தா நீங்க இறங்கவே கூடாது. கரையிலிருந்து கூப்பிடுங்க, கயிறோ கிளையோ நீட்டுங்க, 911-க்கு அடிங்க. அங்கே பல இடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் மெசெஞ்சர் இருந்தா எடுத்துட்டுப் போங்க.

கனனாஸ்கிஸுக்குள் வண்டிக்கு அனுமதிச்சீட்டு ஒரு நாளைக்கு 15 டாலர், வருஷத்துக்கு 90. ஹைவே 40-ல் ஹைவுட் பாஸ் என்கிற கணவாய்ப் பகுதி டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை மூடியிருக்கும். நவம்பர் கடைசியில் நாலரை மணி வாக்கில் சூரியன் மறைஞ்சுடும், பள்ளத்தாக்கில் அதுக்கும் முன்னாடியே இருட்டும். அதனால் மதியம் ஒரு மணிக்குத் திரும்பிடுங்க.

இன்னொருவர்: பனிச்சரிவை விட்டுட்டீங்க. பனி கொஞ்சம்தானேன்னு அசட்டையா இருக்கக் கூடாது. காற்று அள்ளிக் கொண்டுவந்து ஓடைப் பள்ளத்தில் குவிச்ச பனி சின்னதா சரிஞ்சாலும், ஆளைக் கல் மேலே இழுத்துட்டுப் போகும். 30 முதல் 45 டிகிரி சரிவுதான் ஆபத்து. அடியில் சமமா நடந்தாலும் மேலே அப்படிச் சரிவு இருந்தா அதே கணக்குதான். காட்டு நடுவே மரமே இல்லாம மேலிருந்து கீழே ஒரு பட்டை தெரிஞ்சா அது பனி இறங்குற வழி, அங்கே நிக்காதீங்க. பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுற அவலாஞ்ச் கனடா அமைப்போட அறிக்கையை அன்னிக்குக் காலையில் படிங்க. முதல் தடவைக்கு ட்ரோல் ஃபால்ஸ் மாதிரி காட்டுக்குள்ளேயே போற குட்டைப் பாதை போதும். மிதிச்சு இறுகின இடம் வழுக்கும், உங்க ஷூவுக்கு அடியில் மைக்ரோஸ்பைக்னு சொல்ற சின்ன முள் சங்கிலியை மாட்டிக்குங்க. பனிச்சறுக்குத் தடம் போட்ட பாதையில் நாய்க்கு அனுமதி உண்டான்னு பலகையைப் பார்த்துட்டு நுழைங்க. நவம்பர் வேட்டைக் காலம், நாய்க்கும் உங்களுக்கும் ஆரஞ்சு நிற உடுப்பு வேணும். கரடி எல்லாமே தூங்கப் போயிருக்கும்னு சொல்ல முடியாது. கரடி ஸ்ப்ரேயை ஜாக்கெட்டுக்கு உள்ளே வைங்க, குளிரில் அழுத்தம் குறைஞ்சுடும்.

வேறொருவர் கேள்வி: எங்களுடையது ஊரிலிருந்து கூட்டி வந்த சிப்பிப்பாறை. அதுக்கும் இதேதானா?

பதில்: இல்லைங்க. சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, உடம்பில் கொழுப்பும் கம்மி. மார்பும் வயிறும் மூடுற கோட்டு இல்லாம வெளியே கூட்டிப் போகாதீங்க. மைனஸ் 10-க்குக் கீழேன்னா மலையே வேண்டாம், காற்று இருந்தா மைனஸ் 5-லயே வீட்டில் இருக்கட்டும். காது நுனி, வால் நுனியைத் தொட்டுப் பார்த்துட்டே இருங்க. குடிக்க வெதுவெதுப்பான தண்ணீரை ஃபிளாஸ்க்கில் கொண்டு போங்க. தாகத்துக்குப் பனியைத் தின்னா உடம்புச் சூடு இன்னும் இறங்கும். நடுங்கினா உடனே திரும்புங்க. நடுக்கம் நின்னு, கால் தள்ளாடி, மந்தமாயிட்டா அது தேறினதுன்னு நினைச்சுடாதீங்க, நிலைமை மோசமாகுது. ஈரத்தைத் துடைச்சு, கம்பளியில் சுத்தி, வெந்நீர்ப் பையைத் துணியில் பொதிஞ்சு மார்போடு அணைச்சு வச்சு, நேரா கால்நடை மருத்துவர்கிட்டே ஓட்டுங்க.