நியூட்ரல் சுவிட்சுக்குத் தமிழில் என்ன?

(பெங்களூரின் நான்கு பகுதிகளிலிருந்து தமிழ் நண்பர்கள் நால்வர் எழுதிக்கொண்டவை.)

பீன்யாவிலிருந்து:

நண்பர்களே, வணக்கம். பட்டறைப் பையன்களுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள். தமிழ் மட்டும்தான் தடங்கலில்லாமல் படிப்பார்கள். இந்த வாரம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்ச். கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டரைச் சுற்ற விடும். பல வண்டிகளில் ரிவர்ஸ் விளக்கை எரிய வைப்பதும் அதுதான். பட்டறையில் 'நியூட்ரல் சுவிட்ச்' என்கிறார்கள். பைக்கில் பச்சை விளக்கு போடுவதற்கும் அதே பெயர்!

போன மாதம் ஒரு பையன் இது கெட்டது தெரியாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றிவிட்டான். லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பியிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும். சனிக்கிழமை காலை பாடத்தாள் அச்சுக்குப் போக வேண்டும். சொல் கொடுங்கள்.

அல்சூரிலிருந்து:

நொதுமல் ஆளி. குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்குப் பரிமேலழகர் உரையில் சொல்லும் பகை, நொதுமல், நட்பு என்ற மூன்று பகுதியில் நடுவில் நிற்பது நொதுமல். நியூட்ரானை நொதுமி என்று எழுதுகிறோமே. சுவிட்சுக்கு ஈழத்துப் பாடநூல்களில் ஆளி இருக்கிறது. நம்முடைய 'மின்சாவி' வேண்டாம். சாவி போர்த்துகீசியர் கொண்டுவந்தது.

ஜே.சி. சாலையிலிருந்து:

ஐயா, என் உதிரிபாகக் கடையில் வந்து ஆளி கேட்டால், ஆளி விதைக்கு மளிகைக் கடை பக்கத்தில் என்று கை காட்டிவிடுவேன்.

ஜெயநகரிலிருந்து:

அகப்பாட்டில் நொதுமலர் வரைவு என்றால் அயலார் பெண் கேட்டு வருவது. தலைவி கலங்கிப்போவாள், தோழிக்குத் தூக்கம் போய்விடும். இங்கே நொதுமலில்தான் வண்டியே கிளம்புகிறது! கன்னடத்தில் நடுநிலைக்குத் 'தடஸ்த' என்கிறார்கள். வடமொழியில் தட என்றால் கரை. ஆற்றில் இறங்காமல் கரையில் நிற்கிறவன். 'கரைநிலை' என்று சொல்லிப் பாருங்கள். சரி, சரி, அச்சுக்கு ஆகாது.

பீன்யாவிலிருந்து:

அம்மா, கரைநிலை அழகுதான். ஆனால் பெயரில் நியூட்ரல் மட்டும் இருப்பதே எனக்குச் சிக்கல். இது பார்க், ரிவர்ஸ், டிரைவ் எல்லாவற்றையும் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி கெட்டால் ஸ்கேனரில் பி0705 என்ற பிழைக் குறியீடு வரும். பார்க்கில் கிளம்பாத வண்டி நியூட்ரலில் கிளம்பும், ரிவர்ஸ் விளக்கு எரியாது, கியர் எழுத்து தப்பாகக் காட்டும்.

முதலில் பேட்டரி, அப்புறம் கியர் கேபிள் தளர்ந்திருக்கிறதா, அப்புறம் கனெக்டரில் தண்ணீர், பச்சைக் களிம்பு என்று பார்க்கச் சொல்வேன். நம் ஊர் மழைக்குக் கனெக்டர்தான் முதல் பலி. பிறகுதான் மல்டிமீட்டர். ஸ்டார்ட்டர் பக்கத்துப் பின்கள் பார்க்கிலும் நியூட்ரலிலும் தொடர்பு காட்ட வேண்டும், ரிவர்ஸிலும் டிரைவிலும் காட்டக் கூடாது. மாற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, சுவிட்சின் குறியை நேராக்கிய பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். போல்ட் துளை நீளவாக்கில் இருப்பதே அதற்குத்தான். கொஞ்சம் விலகினாலும் புது சுவிட்சும் பழைய கதைதான்.

ஆக, கியர் எந்த நிலையில் என்று சொல்வது. கியர்நிலை ஆளி?

அல்சூரிலிருந்து:

கலப்படம். பல்லிணைநிலை ஆளி என்றாவது எழுதுங்கள்.

ஜே.சி. சாலையிலிருந்து:

பல்லிணை என்றால் பல் செட்டு போல இருக்கிறது. கியர்நிலை சுவிட்ச் என்று போடுங்கள், கடைப் பையன் சரியான டப்பாவை எடுத்துத் தருவான்.

ஜெயநகரிலிருந்து:

கியர்நிலை சுவிட்சுக்கு நானும் கை தூக்குகிறேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது, வருகிறேன்.

பீன்யாவிலிருந்து:

ஆளியை விட்டுக்கொடுத்தேன். மூன்றுக்கு ஒன்று, தாள் கிளம்புகிறது.

அல்சூரிலிருந்து:

என் எதிர்ப்பு பதிவாகட்டும். முதலாளிக்கும் கூட்டாளிக்கும் கிடைத்த ஆளி, ஒரு சுவிட்சுக்குக் கிடைக்கவில்லை. போகட்டும். ஆனால் ஒற்று எங்கே? 'கியர்நிலைச் சுவிட்ச்' என்றல்லவா வர வேண்டும்?

பீன்யாவிலிருந்து:

ஐயா, ஐந்நூறு தாள் அச்சாகிவிட்டது.